ஃப்ரீஹோல்டர் மவுத்தான வீட்டில் ஃபிளாட் விற்பது

குடும்ப நலன் பிரிவின் மாதாந்தக் கூட்டத்தில், மஃரிப் தொழுகைக்குப் பின் ஆற்றப்பட்ட உரை. திரும்பத் திரும்ப வந்த சில வார்த்தைகளை மட்டும் நீக்கிவிட்டு, பேசியபடியே வெளியிடுகிறோம்.





நான் பயான் செய்ய வரவில்லை. அது மௌலவிமாரின் வேலை. நான் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் வீடு விற்றல் வாங்கல் கோப்புகளுக்கு நடுவில் பல வருடம் இருந்தவன். சட்டத்தரணி இல்லை. ஆகவே நான் சொல்வதைக் கேட்டுவிட்டு நேரே போய் எதிலும் கையெழுத்து வைத்துவிடாதீர்கள். உங்கள் சொலிசிட்டரிடம் ஒருமுறை கேளுங்கள். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல் போனால் அவரும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வார். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

ஒரு வீட்டின் கதையில் தொடங்குகிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு குடும்பத்தாரிடமும் அனுமதி கேட்டுவிட்டேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார்கள். கிழக்கு லண்டனில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிற மாதிரி வரிசை வீடு. அதை மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு ஃபிளாட்டாகப் பிரித்திருக்கிறார்கள். மேலே ஒரு ஹாஜியார் குடும்பம். முழுக் கட்டடத்துக்கும் ஃப்ரீஹோல்டர் அவர்தான். கீழே ஒரு ராத்தா. இருபது வருடத்துக்கு முன் அவரும் கணவரும் சேர்ந்து கீழ் ஃபிளாட்டை லீஸில் வாங்கினார்கள். கணவர் மவுத்தாகிவிட்டார். ராத்தாவுக்கு முழங்கால் வருத்தம். லெஸ்டரில் இருக்கிற மகளுக்குப் பக்கத்தில் போய் இருக்க வேண்டும் என்று ஆசை. ஃபிளாட்டை விற்றால்தான் போகலாம்.

போர்டு போட்டு மூன்று கிழமையில் வாங்குபவர் கிடைத்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பிறகு வாங்குபவரின் சொலிசிட்டரிடமிருந்து கேள்விக் கடிதம் வந்தது. தரை வாடகை கடைசியாகக் கட்டிய ரசீது எங்கே? கட்டடக் காப்புறுதிப் பத்திரம் எங்கே? எல்.பி.இ. 1 என்ற படிவத்தை ஃப்ரீஹோல்டர் நிரப்பித் தருவாரா? இந்த ஃபிளாட்டை யார் வாங்கினாலும் ஃப்ரீஹோல்டருக்கு ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று லீஸில் இருக்கிறதே, அதை யாருக்கு எழுதிக் கொடுப்பது?

ஹாஜியார் அப்போது மவுத்தாகி பதினொரு மாதம்.

நம்மில் பலருக்கு இந்த இடத்தில் குழப்பம் வருவதில் ஆச்சரியம் இல்லை. ஊரில் ஒரு காணி உறுதி இருக்கும். காணியும் வீடும் அதற்குள் அடங்கும். இங்கே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃபிளாட் என்றால் பெரும்பாலும் லீஸ்தான். 99 வருடம், 125 வருடம் என்று நீண்ட காலத்துக்கு அந்த அறைகளை அனுபவிக்கும் உரிமையை வாங்குகிறீர்கள். நிலமும் சுவரும் கூரையும் இன்னொருவர் பெயரில் இருக்கும். அவர்தான் ஃப்ரீஹோல்டர். லீஸ் என்பது இரண்டு பேருக்கு நடுவில் உள்ள ஒப்பந்தம். அதில் ஒருவர் மவுத்தானால் லீஸ் செத்துப் போகாது. உங்கள் ஃபிளாட் உங்களுடையதுதான். யாரும் உங்களை வெளியே போகச் சொல்ல முடியாது. ராத்தா முதலில் பயந்தது அதற்குத்தான். அந்தப் பயம் தேவையில்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. லீஸ் உயிரோடு இருக்கிறது, ஆனால் மறுபக்கத்தில் கையெழுத்து வைக்க ஆள் இல்லை.

ஃப்ரீஹோல்டர் மரண சாசனம் எழுதியிருந்தால், அதில் அவர் பெயர் குறிப்பிட்ட எக்ஸிகியூட்டரிடம் சொத்து மரணித்த நேரத்திலேயே போய்விடுகிறது. புரோபேட் என்ற நீதிமன்றப் பத்திரம் பிறகுதான் வரும் என்றாலும், அதிகாரம் அவருக்கு மரண சாசனத்திலிருந்தே வருகிறது. வாங்குபவரின் சொலிசிட்டர் புரோபேட்டைக் காட்டச் சொல்வார், லேண்ட் ரெஜிஸ்ட்ரியும் கேட்கும். அது நியாயம். ஆனால் பேசுவதற்கும் கேள்விக்குப் பதில் சொல்வதற்கும் ஒரு ஆள் முதல் நாளிலிருந்தே இருக்கிறார்.

மரண சாசனம் இல்லாமல் மவுத்தானால் கதை வேறு. பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலும், நீதிமன்றம் நிர்வாகக் கடிதம் தரும் வரை யாருக்கும் அதிகாரம் இல்லை. மூத்த மகனுக்கும் இல்லை, மனைவிக்கும் இல்லை. அதுவரை சொத்து யார் பெயரில் இருக்கிறது தெரியுமா? பப்ளிக் டிரஸ்டி என்ற அரசாங்க அதிகாரியின் பெயரில். 1925ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது; 1994இல் திருத்திய பிறகு இந்த நிலை. அவர் பெயரளவில் மட்டும் வைத்திருப்பார். அவருக்கு எழுதினால் படிவம் நிரப்பித் தர மாட்டார், கூரை ஒழுகினால் ஆள் அனுப்ப மாட்டார்.

நம் ஹாஜியார் மரண சாசனம் எழுதவில்லை. ஐந்து வேளையும் ஜமாஅத்தோடு தொழுத மனிதர், யாருக்கும் ஒரு பவுண் கடன் வைக்காதவர். எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று என்னிடமே இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

சரி, பதினொரு மாதமாக ஏன் யாரும் நிர்வாகக் கடிதத்துக்கு விண்ணப்பிக்கவில்லை? நான் மேலே ஏறிப்போய் உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் விளங்கியது. மூத்த மகன் கொழும்பில். இளையவர் இங்கே. ஒரு மகள் பர்மிங்ஹாமில். வாப்பாவின் சொத்தை ஷரீஅத்படி பிரிக்க வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே எண்ணம். ஆனால் எந்தச் சொத்தை யாருக்கு, வீட்டை விற்பதா வைத்திருப்பதா, உம்மா எங்கே இருப்பது என்பதில் முடிவு வரவில்லை. மூத்தவர் இங்கே வந்து எல்லோரும் உட்கார்ந்து பேசின பிறகுதான் எதையும் எழுதுவது என்று விட்டுவிட்டார்கள். உம்மாவுக்கு இன்னொரு பயம். இளையவர் கடிதத்தை எடுத்தால் வீடு அவர் பெயருக்குப் போய்விடும், மற்றப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று. அதோடு கீழ் வீட்டு ராத்தா அடிக்கடி ஆள் அனுப்பிக் கேட்டதும் அவர்களுக்குச் சரியாகப் படவில்லை. "மய்யித்து போய் ஒரு வருஷம் ஆகவில்லை, வீட்டைப் பிடுங்கவா பார்க்கிறார்" என்று பேச்சு வந்துவிட்டது. கீழே இருந்தவர், "வேண்டுமென்றே என் விற்பனையைத் தடுக்கிறார்கள்" என்று நினைத்தார். இருபது வருடமாக நோன்பில் கஞ்சிப் பாத்திரம் ஏறி இறங்கின படிக்கட்டு அது. ஆறு மாதம் சலாம்கூட இல்லை.

சகோதரர்களே, இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பங்கு பிரிப்பது ஒரு வேலை. நிர்வாகி ஆவது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்ய முதலாவது முடிய வேண்டும் என்று அவசியமே இல்லை. நிர்வாகி என்பவர் சொத்தைத் திரட்டி, கடனை அடைத்து, வரியைக் கட்டி, கணக்கு வைத்து, பிறகு உரியவர்களுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். அவர் பெயரில் பத்திரம் வந்ததால் சொத்து அவருடையது ஆகிவிடாது. தவறு செய்தால் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிவரும். அமானத் என்ற சொல்லை நாம் அறிவோம். உம்மாவுக்கு அந்தச் சொல்லில் விளக்கியபோதுதான் முகம் தெளிந்தது.

யார் விண்ணப்பிக்கலாம் என்றால், முதல் உரிமை மனைவிக்கு. அடுத்தது பிள்ளைகளுக்கு. மனைவி தனக்கு வேண்டாம் என்று பி.ஏ. 16 படிவத்தில் எழுதிக் கொடுத்தால் மகன் விண்ணப்பிக்கலாம். மரண சாசனம் இல்லாதபோது விண்ணப்பப் படிவம் பி.ஏ. 1 ஏ. இணையத்திலும் தபாலிலும் செய்யலாம், எங்கேயும் போய் நிற்க வேண்டியதில்லை. உம்மா இத்தாவில் இருக்கிறார் என்பதற்காகப் பல குடும்பங்கள் நான்கு மாதமும் பத்து நாளும் காகிதத்தைத் தொடாமலே விட்டுவிடுகின்றன. மரண அத்தாட்சிப் பத்திரத்தைப் பிரதி எடுத்து வைப்பது, கடன் கணக்கு, வங்கிக் கணக்கு, வீட்டின் மதிப்பு இவற்றைத் திரட்டுவது எல்லாம் பிள்ளைகள் அந்த நாட்களிலேயே செய்யக்கூடிய வேலை. வரி கட்ட வேண்டிய அளவு சொத்து இருந்தால் வரித் திணைக்களத்தோடு அந்த விஷயத்தை முதலில் பார்க்க வேண்டும். லண்டன் வீட்டு விலையில் இது சாதாரணமாக வரும். அதற்கு ஆள் பிடியுங்கள்.

இந்த இடத்தில் இன்னொன்று. இலங்கையில் முஸ்லிம் ஒருவர் மரண சாசனம் இல்லாமல் மவுத்தானால், 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரண சாசனமிலாப் பின்னுரிமைச் சட்டத்தின்படி அவரவர் மத்ஹபுப்படி பங்கு தானாகவே வந்துவிடும். அந்த நினைப்பில்தான் நம் பெரியவர்கள் இங்கேயும் எழுதாமல் இருந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் இருக்கிற வீட்டுக்கு இங்கிலாந்துச் சட்டம்தான். மரணித்தவர் 2023 ஜூலை 26 அல்லது அதற்குப் பின் மவுத்தானவர் என்றால், மனைவிக்கு வீட்டுச் சாமான்களும் முதல் 3,22,000 பவுணும், மீதியில் பாதியும். மறு பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல். எட்டில் ஒன்று என்ற கணக்கு அந்தச் சட்டத்தில் இல்லை. வாரிசுகள் எல்லோரும் வயது வந்தவர்களாக இருந்து, எல்லோரும் மனமொத்தால், பங்கை மாற்றி எழுதிக்கொள்ளலாம். மரணமாகி இரண்டு வருடத்துக்குள் முறைப்படி எழுதினால் வரிக் கணக்கிலும் அதை ஏற்பார்கள். ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் பங்கை யாரும் தொட முடியாது.

பள்ளியில் நிக்காஹ் மட்டும் முடித்துவிட்டு, இந்த நாட்டுச் சட்டப்படி திருமணத்தைப் பதியாமல் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் முறைப்படி பதிந்த திருமணம் இங்கே செல்லும். இங்கே நிக்காஹ் மட்டும் செய்து பதியாவிட்டால், நான் சொன்ன இந்தப் பங்கு அந்த மனைவிக்கு வராது. அவர் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்க வேண்டிவரும். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தாய்மார், உங்கள் மகள்மாரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி விற்கிறவர் பக்கம் வருகிறேன். ஃபிளாட்டை விற்க நினைக்கிறீர்கள், ஃப்ரீஹோல்டர் மவுத்தாகிவிட்டார், அல்லது உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை. போர்டு போடுவதற்கு முன் லேண்ட் ரெஜிஸ்ட்ரியிலிருந்து இரண்டு பதிவேட்டுப் பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் லீஸ் உரித்துக்கு, மற்றது ஃப்ரீஹோல்ட் உரித்துக்கு. ஒரு பிரதி இப்போது 7 பவுண். அரசாங்கத்தின் இணையத்தளத்திலேயே எடுங்கள். கூகிளில் முதலில் வருகிற தளங்கள் அதற்கே முப்பது நாற்பது கேட்கும். ஃப்ரீஹோல்ட் பதிவேட்டில் இரண்டு பெயர் இருந்தால் உங்களுக்குப் பாதி பாரம் குறைந்தது. கணவன் மனைவி பெயர் இரண்டும் இருந்து ஒருவர் மவுத்தானால், மற்றவர் சட்டப்படி உரித்தாளராகத் தொடர்கிறார். மரண அத்தாட்சிப் பத்திரம் ஒன்றை வைத்து பழைய பெயரை நீக்கலாம். ஹாஜியார் வீட்டில் ஒரு பெயர்தான் இருந்தது.

அடுத்தது உங்கள் பதிவேட்டில் ஏதாவது தடை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "ஃப்ரீஹோல்டரின் அத்தாட்சி இல்லாமல் விற்பனையைப் பதியக்கூடாது" என்று சில லீஸ்களுக்கு எழுதியிருப்பார்கள். அப்படி இருந்து, அத்தாட்சி தர ஆளே இல்லாவிட்டால், அந்தத் தடையை விலக்கித் தரும்படி ஆர்.எக்ஸ். 2 படிவத்தில் ரெஜிஸ்ட்ரியைக் கேட்க வழி இருக்கிறது. காரணத்தையும் ஆதாரத்தையும் காட்ட வேண்டும்.

தரை வாடகையைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். பதினொரு மாதம் கட்டவில்லையே, லீஸ் பறிபோகுமா என்று. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையான படிவத்தில் கேட்டு அறிவித்தல் அனுப்பினால்தான் தரை வாடகை கட்ட வேண்டியதாகிறது. கேட்க ஆள் இல்லாதபோது நீங்கள் பாக்கிக்காரர் ஆக மாட்டீர்கள். ஆனால் பிறகு வருகிற நிர்வாகி கேட்கலாம், ஆறு வருடத்துக்கு உள்பட்டதைக் கேட்கலாம். ஆகவே அந்தக் காசை ஒரு பக்கம் ஒதுக்கி வையுங்கள். வாங்குபவரின் சொலிசிட்டர் விற்ற விலையில் ஒரு சிறு தொகையைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கேட்பார். அதற்கு ஒத்துக்கொள்வதில் நட்டமில்லை.

காப்புறுதிதான் எல்லாவற்றையும்விட அவசரம். ஹாஜியார் வருடா வருடம் தன் பெயரில் கட்டடக் காப்புறுதி எடுத்து, பாதிக் காசை ராத்தாவிடம் வாங்குவார். அவர் மவுத்தான பின் புதுப்பிக்கிற கடிதம் அவர் பெயருக்கு வந்து, பிரிக்காமலே மேசையில் கிடந்தது. நான் அந்த உறையைப் பிரித்துப் பார்த்தபோது ஐந்து மாதமாக அந்தக் கட்டடத்துக்குக் காப்புறுதியே இல்லை. மேலே ஒரு தாயும் கீழே ஒரு தாயும் அடுப்பு எரித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒரு தரகரிடம் உள்ள நிலைமையை ஒளிக்காமல் சொல்லி, இரு குடும்பத்தின் உரிமையும் அடங்கும்படி அந்த வாரமே எடுத்தோம். ஒளித்து எடுத்தால் தீப்பிடித்த அன்று காசு வராது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு திரும்ப வந்ததும் இந்த உறையினால்தான். ராத்தா மெல்ல மெல்லப் படியேறி மேலே போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இறங்கி வரும்போது கையில் ஒரு பாத்திரம் இருந்தது.

இன்னொரு வழியைச் சில ஏஜெண்டுகள் சொல்லித் தருவார்கள். "ஃப்ரீஹோல்டர் காணாமற்போய்விட்டார் என்று ஒரு காப்புறுதி எடுத்துவிடலாம், சில நூறு பவுணோடு முடியும்" என்று. அப்படி ஒரு காப்புறுதி உண்மையில் இருக்கிறது. உண்மையாகவே ஆள் யார் என்று தெரியாத, பல வருடம் யாரும் வாடகை கேட்காத வீடுகளுக்கு அது உதவும். ஆனால் விண்ணப்பத்தில் கேள்வி கேட்பார்கள்: ஃப்ரீஹோல்டரையோ அவர் குடும்பத்தையோ தொடர்பு கொண்டீர்களா என்று. கொண்டிருந்தால் பெரும்பாலும் தர மாட்டார்கள். ஆகவே உங்கள் நிலைமை அந்த வகையைச் சேர்ந்ததாக இருந்தால், கண்ட கண்ட விலாசத்துக்கெல்லாம் கடிதம் போடும் முன் சொலிசிட்டரைக் கேளுங்கள். ராத்தாவுக்கு அது சரிவராது. மேல் மாடியில் இருபது வருடம் பழகின குடும்பத்தைக் காணாமற்போனவர்கள் என்று எப்படி எழுதுவது?

உண்மையாகவே காணாதவர்களுக்கு அடுத்த வழி நீதிமன்றம். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆம் பிரிவில், தேடியும் ஃப்ரீஹோல்டர் கிடைக்கவில்லை என்று நிரூபித்தால், லீஸை நீட்டிக் கொடுக்கும்படி கவுண்டி கோர்ட் உத்தரவிடும். விலையை டிரிபியூனல் தீர்மானிக்கும், காசை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். வாரிசே இல்லாமல் மவுத்தானவரின் சொத்து அரசுக்குப் போகும். அதைப் பார்ப்பது போனா வகாண்டியா என்ற அரசாங்கப் பிரிவு. ஃப்ரீஹோல்ட் ஒரு கம்பனி பெயரில் இருந்து அந்தக் கம்பனி மூடப்பட்டாலும் அதே இடம்தான்.

லீஸ் நீட்டுவது என்று சொன்னேன். ராத்தாவின் லீஸ் 1987இல் 99 வருடத்துக்கு எழுதியது. கூட்டிப் பாருங்கள், 2086இல் முடிகிறது. இன்று மிச்சம் அறுபது சொச்சம். 80க்குக் கீழே இறங்கினால் நீட்டுகிற செலவு ஏறும். இன்னும் இறங்கினால் பல வங்கிகள் மோர்கேஜ் தர யோசிக்கும். ராத்தாவுக்கு முதல் வந்த வாங்குபவர் விலகினதற்கு இரண்டு காரணம். மோர்கேஜ் அனுமதி பெரும்பாலும் ஆறு மாதம்தான் செல்லும், அது முடிந்துவிட்டது. திரும்ப விண்ணப்பித்தபோது வங்கி லீஸின் நீளத்தைக் கேட்டது. அத்தோடு சரி.

இங்கேயும் ஒரு வசதி இருக்கிறது. முன்பு இரண்டு வருடம் சொந்தமாக வைத்திருந்தால்தான் நீட்டக் கேட்கலாம். 2025 ஜனவரி 31 முதல் அந்த நிபந்தனை இல்லை. அதற்கு முன்பிருந்தே விற்பவர் அறிவித்தலைக் கொடுத்துவிட்டு, அதன் பலனை வாங்குபவருக்கு மாற்றிக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. இப்போதைக்கு நீட்டினால் 90 வருடம் கூடும், தரை வாடகை இல்லாமல் போகும். 2024ஆம் ஆண்டுச் சட்டத்தில் 990 வருடம் என்று எழுதியிருக்கிறது, 80 வருடக் கணக்கையும் எடுத்துவிடுவதாக இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதிகள் நான் பேசுகிற இந்த நாள் வரை நடைமுறைக்கு வரவில்லை. முழங்கால் வருத்தத்தோடு காத்திருக்கிற ஒருவரை, சட்டம் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இளம் குடும்பம், விற்கிற அவசரம் இல்லை என்றால் அது வேறு கணக்கு.

அறிவித்தலை யாருக்குக் கொடுப்பது? நிர்வாகி இன்னும் இல்லையென்றால், "இன்னாரின் சொத்துப் பிரதிநிதிகளுக்கு" என்று அவர் கடைசியாக இருந்த விலாசத்துக்கு எழுதி, ஒரு பிரதியை பப்ளிக் டிரஸ்டிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு என்.எல். 1 என்ற படிவம் உண்டு. அறிவித்தல் கொடுத்ததாகச் சட்டம் ஏற்கும். விற்று முடிந்த பின் புதிய சொந்தக்காரர் பெயரை அறிவிப்பதற்கும் இதே முறைதான். ஆனால் புதிய லீஸில் கையெழுத்து வைக்க மறுபடியும் ஓர் ஆள் வேண்டும். சுற்றிச் சுற்றி நிர்வாகக் கடிதத்துக்கே வந்து நிற்கிறோம்.

ஹாஜியார் வீட்டில் உம்மா விலகி எழுதிக் கொடுத்து, இளையவர் விண்ணப்பித்து, கடிதம் வந்தது. மூத்தவர் கொழும்பிலிருந்து தொலைபேசியில் சம்மதம் சொன்னார். பங்கு பற்றிய பேச்சு அவர்களுக்குள் இன்னும் நடக்கிறது, அது அவர்கள் விஷயம். நிர்வாகி என்ற முறையில் இளையவர் எல்.பி.இ. 1 நிரப்பினார், லீஸ் நீட்டுகிற விலைக்கு இரு பக்கமும் மதிப்பீட்டாளர் வைத்து ஒத்துக்கொண்டார்கள். அந்தக் காசு ஹாஜியாரின் சொத்துக் கணக்கில் சேர்ந்தது. இரண்டாவது வாங்குபவர் முதலாமவரைவிடக் குறைவாகத்தான் கேட்டார். ராத்தா கொடுத்துவிட்டார். சென்ற மாதம் சாவி கைமாறியது.

வாரிசுகளாக இருக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும். பழைய வீட்டில் இரண்டு ஃபிளாட்டும் லீஸில் விற்றாகி, வாப்பா வெறும் ஃப்ரீஹோல்ட் மட்டும் வைத்திருந்தார் என்று வையுங்கள். அது உங்களுக்கு வாரிசாக வருவதில் தடை இல்லை. ஆனால் நீங்கள் அதை வெளியாளுக்கு விற்கப் போனால், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த ஃபிளாட்காரர்களுக்கு முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டிவரலாம். கொடுக்காமல் விற்பது குற்றம், அபராதம் உண்டு. ஏலக்கடைக்குப் போவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

கேள்விகளுக்கு வருவோம். பின்னால் இருந்து ஒரு சகோதரர் எழுதிக் கொடுத்திருக்கிறார்: "வாரிசுகள் யார் என்று தெரியும், ஆனால் கடிதம் எடுக்கவே மாட்டோம் என்கிறார்கள். என்ன செய்வது?"

முதலில் புரோபேட் பதிவில் தேடிப் பாருங்கள், உங்களுக்குச் சொல்லாமல் எடுத்திருக்கவும் கூடும். இன்னும் எடுக்கவில்லை என்றால் அங்கேயே ஆறு மாதத்துக்குக் கண்காணிப்புத் தேடல் ஒன்று போட்டு வைக்கலாம். இடையில் கடிதம் வழங்கப்பட்டால் உங்களுக்குப் பிரதி வரும். பிறகு சொலிசிட்டர் மூலம் ஒரு கடிதம், அதில் அவர்களுக்கும் என்ன நட்டம் என்று எழுதச் சொல்லுங்கள். காப்புறுதி இல்லாத கட்டடம், பழுதடைகிற கூரை, லீஸ் நீட்டினால் வரக்கூடிய காசு. மிரட்டலைவிட இது வேலை செய்யும் என்பது என் அனுபவம். அதுவும் சரிவராவிட்டால், 1981ஆம் ஆண்டு சீனியர் கோர்ட்ஸ் சட்டத்தின் 116ஆம் பிரிவில், வேறொருவரை நிர்வாகியாக நியமிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். செலவு கூட, உறுதியும் இல்லை. விற்பனையில் கிடைக்கிறதை அது தின்றுவிடுமா என்று கணக்குப் பார்த்து இறங்குங்கள்.

இன்னொரு கேள்வி, ஒரு சகோதரியிடமிருந்து: "உடனே காசு தருகிறோம், லீஸ் எப்படி இருந்தாலும் வாங்குவோம் என்று கடிதப்பெட்டியில் துண்டுப் பிரசுரம் வருகிறதே, கொடுக்கலாமா?"

சகோதரி, அவர்கள் இனாமாக அந்தத் தலையிடியை வாங்குவதில்லை. விலையில் வெட்டுவார்கள், சில நேரம் கையெழுத்து வைக்கிற அன்று இன்னொரு தடவை வெட்டுவார்கள். கடன்காரர் கதவில் நிற்கிறார் என்றால் யோசிக்கலாம். இல்லையென்றால், உங்கள் லீஸ், இரண்டு பதிவேட்டுப் பிரதி, கடைசித் தரை வாடகை ரசீது, காப்புறுதிக் கடிதம் இவற்றோடு சனிக்கிழமை லுஹருக்குப் பின் இங்கே உதவி மேசைக்கு வாருங்கள். பிரதி எடுக்கத் தெரியாவிட்டால் அதையும் நாமே எடுத்துத் தருகிறோம். ஃப்ரீஹோல்டர் மவுத்தான திகதி தெரிந்தால் ஒரு துண்டில் எழுதி வாருங்கள். முதலில் அதைத்தான் கேட்பேன்.

இஷாவுக்கு பாங்கு சொல்கிறார்கள். வஸ்ஸலாமு அலைக்கும்.